வெளியூர் ரசிகருக்கு 30 பவுண்ட்
இங்கிலாந்து கால்பந்து டிக்கெட்டின் கதை

நம் குடியிருப்பில் சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு மேல் சில வீடுகளிலிருந்து திடீரென்று கூச்சல் கிளம்புவதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டம் ஓடுகிறது என்று அர்த்தம். ஆர்சனல், லிவர்பூல், மான்செஸ்டர் என்று நம் பிள்ளைகள் கட்சி பிரிந்து நிற்கிறார்கள். ஆட்டத்தின் நுணுக்கத்தை எழுத அவர்கள் இருக்கிறார்கள். வணிகவியல் படித்து, வங்கியில் பற்று வரவு எழுதியே ஓய்வு பெற்றவனான எனக்கு அந்த ஆட்டத்தில் வேறொன்று சுவையாகப் பட்டது. அது டிக்கெட் விலை.

டிவியில் பார்க்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மைதானம் முழுவதும் ஒரே நிறச் சட்டையாக இருக்கும். ஒரு மூலையில் மட்டும் வேறு நிறத்தில் ஒரு கூட்டம் நின்றுகொண்டே பாடிக்கொண்டிருக்கும். அவர்கள்தான் எதிரணியோடு பயணம் செய்து வந்தவர்கள். இரண்டு அணிகளும் லண்டனைச் சேர்ந்தவையாக இருந்தாலும் சரி, அடுத்தவர் மைதானத்துக்குப் போகிறவரை இக்கட்டுரையில் 'வெளியூர் ரசிகர்' என்றே சொல்கிறேன். மைதானத்துக்குச் சொந்தமான கிளப்பின் ரசிகர் 'உள்ளூர் ரசிகர்'. இந்த இருவரும் எவ்வளவு கொடுக்க வேண்டும், ஒரே விலையா, வெவ்வேறு விலையா என்பது அங்கே பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு. அதில் நம்மைப் போலச் சங்கம் வைத்துச் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

ஆறு பென்னியில் ஆரம்பம்

இங்கிலாந்தில் தொழிற்சாலைகளுக்குச் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை வந்த பிறகுதான் கால்பந்து மக்கள் ஆட்டமானது. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஜவுளி ஆலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்தியது. மெல்ல மெல்ல மற்றத் தொழில்களிலும் அது வழக்கமாயிற்று. மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும் மரபு அங்கிருந்து வந்தது. ஆலையிலிருந்து நேராக மைதானத்துக்கு வருவார்கள்.

1888-இல் ஆஸ்டன் வில்லா கிளப்பைச் சேர்ந்த வில்லியம் மெக்ரிகர் என்பவரின் முயற்சியில் 12 கிளப்புகள் சேர்ந்து 'ஃபுட்பால் லீக்' அமைத்தன. இரண்டே ஆண்டுகளில், 1890-இல், டிக்கெட் விலை பற்றி ஒரு விதி வந்தது. ஆண்களுக்கு நுழைவுக் கட்டணம் ஆறு பென்னிக்குக் குறையக் கூடாது என்பது அந்த விதி. அன்றைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். ஆகவே ஒரு பவுண்டுக்கு 40 பேர் உள்ளே போகலாம். முதல் உலகப் போருக்குப் பிறகு அது ஒரு ஷில்லிங் ஆனது.

இது குறைந்தபட்ச விலை என்பதைக் கவனியுங்கள். பக்கத்து ஊர் கிளப் மலிவாக விற்றுக் கூட்டத்தை இழுத்துவிடக் கூடாது என்று கிளப்புகள் ஒன்றுக்கொன்று போட்டுக்கொண்ட வேலி அது. ரசிகரைக் காப்பாற்ற ஓர் அதிகபட்ச விலை வர இன்னும் 126 ஆண்டுகள் ஆயின. அந்த இடைக்காலம்தான் நம் கதை.

அந்த நாளில் கிளப் நடத்துவது லாபத் தொழிலாக இருக்கக் கூடாது என்று கால்பந்துச் சங்கம் கருதியது. பங்குதாரருக்குக் கொடுக்கும் டிவிடெண்டுக்கு அதன் விதியில் உச்சவரம்பு இருந்தது. இயக்குநர்கள் சம்பளம் வாங்கக் கூடாது. அத்துடன், முதல் போருக்குப் பிறகு லீக்கில் இன்னொரு ஏற்பாடும் நிலைத்தது. ஆட்ட வசூலில் 20 சதவீதம் வந்து ஆடிய அணிக்குப் போகும். லண்டனின் பெரிய மைதானத்தில் ஆடிவிட்டுத் திரும்பும் சிறிய ஊர் கிளப்பின் கையிலும் கொஞ்சம் காசு இருக்கும். இரண்டு அணிகள் இல்லாமல் ஆட்டமே இல்லை என்ற நியாயம் அந்தப் பங்கீட்டில் இருந்தது.

கம்பி வேலிக்குள் போன கதை

1960-களின் முற்பகுதி வரை பல மைதானங்களில் இரு தரப்பு ரசிகரும் கலந்தே நின்றார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பதுதான் பலருக்கும் விருப்பம். பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறினால் ரசிகர்களும் நடந்து மறுபக்கம் போவார்கள். வெளியூர் ரசிகர் என்ற தனி இனம் அப்போது பெரிதாக உருவாகவில்லை. சனிக்கிழமை மதியம் வரை வேலை பார்ப்பவர் 300 கிலோமீட்டர் போய் மூன்று மணி ஆட்டம் பார்ப்பது எப்படி?

பிறகு சம்பளம் உயர்ந்தது, சனிக்கிழமை முழு விடுமுறையானது, ரசிகர்களுக்கென்றே சிறப்பு ரயில்கள் ஓடின. இளைஞர்கள் ஊர் ஊராகப் போகத் தொடங்கினார்கள். கூடவே அடிதடியும் வந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து போலீஸார் இரு தரப்பையும் பிரித்து நிறுத்தினார்கள். வெளியூர்க்காரருக்குத் தனி வாசல், தனிப் பகுதி, சுற்றிலும் கம்பி வேலி.

பாதுகாப்புக்காகச் செய்த இந்தப் பிரிவினைக்கு வணிக ரீதியில் ஒரு விளைவு உண்டு. முன்பெல்லாம் வெளியூர்க்காரர் எந்த வாசலிலும் காசு கொடுத்து நுழையலாம். மலிவான இடம் எதுவோ அங்கே நிற்கலாம். இப்போது அவருக்கு ஒரே ஒரு பகுதி, ஒரே ஒரு விலை. அந்தப் பகுதிக்கு என்ன விலை வைப்பது என்பது எதிரணி கிளப்பின் கையில். போட்டிக் கடை இல்லாத இடத்தில் ஒரே கடைக்காரர் இருந்தால் என்ன ஆகும் என்பதை பி.காம். முதலாண்டுப் பாடத்திலேயே படித்திருக்கிறோம்.

1983 என்ற ஆண்டு

ஒரு கணக்கு எழுத்தராக எனக்கு முக்கியமாகத் தோன்றும் ஆண்டு 1983. அந்த ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன.

ஒன்று, லீக் ஆட்ட வசூலில் வந்த அணிக்குப் பங்கு தரும் ஏற்பாடு கைவிடப்பட்டது. கூட்டம் சேர்ப்பது நாங்கள், பணம் ஏன் போக வேண்டும் என்று பெரிய கிளப்புகள் கேட்டன, கேட்டதைப் பெற்றன. இரண்டாவது, டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கிளப் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. டிவிடெண்டுக் கட்டுப்பாடு கிளப்புக்குத்தானே? கிளப்புக்கு மேலே ஒரு தாய் நிறுவனத்தை உருவாக்கி அதன் பங்குகளை விற்றார்கள். பழைய விதி புத்தகத்திலேயே இருந்தது. வழி மட்டும் வேறாகிவிட்டது. பின்னர் வேறு கிளப்புகளும் அதே பாதையில் போயின.

இதன் பிறகு வெளியூர் ரசிகர் கொடுக்கும் காசு முழுவதும் எதிரணியின் கல்லாவுக்குப் போனது. தன் அணியை உற்சாகப்படுத்த எதிரி வீட்டு உண்டியலில் காசு போட்டுவிட்டு வருகிறார் என்று சொல்லலாம். அவருடைய சொந்த கிளப்புக்கும் அந்த விலை குறைவதில் பண ஆதாயம் ஏதுமில்லை.

ஹில்ஸ்பரோ

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. பொது மைதானம் என்பதால் இரு தரப்பும் அன்று வெளியூர்க்காரர்களே. ஒரு பக்கத்தில் நின்று பார்க்கும் படிகளில், கம்பி வேலியால் கூண்டு கூண்டாகப் பிரித்த இடத்தில், லிவர்பூல் ரசிகர்கள் அளவுக்கு மீறி உள்ளே விடப்பட்டார்கள். முன்னால் வேலி, பின்னால் நெரிசல். அதில் 97 பேர் இறந்தார்கள். அவர்களில் கடைசியானவர் அன்றைய காயங்களின் விளைவாக 2021-இல்தான் இறந்தார். குற்றம் ரசிகர்கள் மீதே பல ஆண்டுகள் சுமத்தப்பட்டது. 2016-இல்தான் விசாரணை மன்றத்தின் நடுவர் குழு, அது சட்டவிரோதமாக நேர்ந்த உயிரிழப்பு, ரசிகர்கள் மீது தவறில்லை என்று தீர்ப்பளித்தது.

விபத்துக்குப் பிறகு நீதிபதி டெய்லர் தந்த அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. முதல் இரண்டு பிரிவு கிளப்புகளுக்கு 1994 ஆகஸ்ட் வரை அவகாசம் தரப்பட்டது. நின்று பார்ப்பவரின் பைக்கு ஏற்றபடியே மலிவான இருக்கைகளுக்கு விலை வைக்க முடியும் என்றும் அந்த அறிக்கை கருதியது. உதாரணமாக ஸ்காட்லாந்தின் ஐப்ராக்ஸ் மைதானத்தைக் காட்டியது: அங்கே நிற்க 4 பவுண்ட், உட்கார 6 பவுண்ட்.

இருக்கைகள் வந்தன. விலை பற்றிய ஆலோசனை வரவில்லை. நின்றால் மூன்று பேர் பிடிக்கும் இடத்தில் உட்கார்ந்தால் அத்தனை பேர் பிடிக்காது. இடம் குறைந்தது, கேட்பவர் குறையவில்லை. 1992-இல் பெரிய கிளப்புகள் லீக்கிலிருந்து பிரிந்து பிரீமியர் லீக் அமைத்தன. ஸ்கை, பிபிசி இரண்டோடும் ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் 304 மில்லியன் பவுண்டுக்கு ஒப்பந்தம் என்று அறிவித்தார்கள். டிவி பணம் வந்தால் டிக்கெட் குறையும் என்று எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. டிவி பணம் ஆட்டக்காரர் சம்பளமாகப் போயிற்று. அடுத்த கிளப்பை விட அதிகச் சம்பளம் தர வாசல் வசூலும் தேவைப்பட்டது.

62 பவுண்ட்

2013 ஜனவரி 13 அன்று ஆர்சனல் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டி ஆட வேண்டியிருந்தது. எதிரணியைப் பொறுத்து ஆட்டங்களை ஏ, பி, சி என்று தரம் பிரித்து விலை வைப்பது ஆர்சனலின் முறை. சிட்டி பெரிய அணி, ஆகவே 'ஏ' தரம். வெளியூர் ரசிகருக்கு விலை 62 பவுண்ட். சிட்டிக்கு ஒதுக்கிய 3,000 டிக்கெட்டில் 912 விற்காமல் திரும்பின. நடப்புச் சாம்பியன் அணியின் ரசிகர்கள் டிக்கெட்டைத் திருப்பியனுப்பியது எல்லோரையும் யோசிக்கவைத்தது.

வந்தவர்களில் சிலர் விலையைக் கண்டித்துப் பதாகை பிடித்தார்கள், அது அகற்றப்பட்டது. சிட்டி 2-0 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் துணை நடுவர் ஜான் புரூக்ஸ், இவ்வளவு கொடுத்து வந்த ரசிகர்களிடம் போய் நன்றி சொல்லுங்கள் என்று சிட்டி ஆட்டக்காரர்களிடம் சொன்னது கேமராவில் பதிவாயிற்று. அதற்காக அவரை அடுத்த ஆட்டப் பணியிலிருந்து விலக்கினார்கள். எல்லோர் மனதிலும் இருந்ததைச் சொன்னவருக்குக் கிடைத்த பரிசு அது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆர்சனல் விதியை மீறவில்லை. அதே தரமான இருக்கைக்கு உள்ளூர் ரசிகரிடம் வாங்குவதைவிட வெளியூர்க்காரரிடம் அதிகம் வாங்கக் கூடாது என்று பிரீமியர் லீக் விதி சொல்கிறது. 3,000 அல்லது மைதானக் கொள்ளளவில் 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அத்தனை டிக்கெட் வந்த அணிக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் விதி. சமவிலை விதியின்படி 62 பவுண்ட் நியாயமே. ஏனென்றால் உள்ளூர் ரசிகரிடமும் அதே 62-ஐத்தான் வாங்கினார்கள்! டெய்லர் அறிக்கை சொன்ன 6 பவுண்டை விலைவாசி உயர்வோடு சேர்த்துக் கணக்கிட்டால் அந்த ஆண்டில் சுமார் 12 பவுண்ட் வரும். வாங்கியது அதைப்போல் ஐந்து மடங்கு.

அந்தச் சமயத்தில் ரசிகர் கூட்டமைப்பு வெளியூர் டிக்கெட்டுக்கு 20 பவுண்ட் போதும் என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. ஜூன் மாதம் பல கிளப்புகளின் ரசிகர்கள் தங்கள் தங்கள் சட்டையோடு லண்டனில் உள்ள பிரீமியர் லீக் தலைமை அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். அதன் பலனாக, ஒவ்வொரு கிளப்பும் ஆண்டுக்கு 2 லட்சம் பவுண்ட் வெளியூர் ரசிகர்களுக்காகச் செலவிட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. 20 கிளப்புகள், மூன்று ஆண்டுகள். மொத்தம் 12 மில்லியன் பவுண்ட். சில கிளப்புகள் அதைக் கொண்டு பஸ் வசதி செய்தன, சில டிக்கெட் விலையைக் குறைத்தன.

77-ஆவது நிமிடம்

2016 பிப்ரவரியில் லிவர்பூல் கிளப், விரிவாக்கப்படும் தன் பெரிய கேலரியில் உச்ச விலை 77 பவுண்ட் என்று அறிவித்தது. இந்த முறை அடிபட்டவர் உள்ளூர் ரசிகர். பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துடன் ஆட்டம். லிவர்பூல் 2-0 என்று முன்னணியில் இருந்தது. 77-ஆவது நிமிடத்தில் சுமார் 10,000 பேர் இருக்கையை விட்டு எழுந்து மைதானத்தைவிட்டு வெளியேறினார்கள். மீதி நேரத்தில் சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தது.

நான்கே நாளில் அமெரிக்க உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். 77 பவுண்ட் கைவிடப்பட்டது. உச்ச விலை பழையபடி 59 பவுண்டிலேயே இரண்டு சீசனுக்கு நிற்கும் என்றார்கள். அதே வாரத்தில் ஜெர்மனியிலும் ஒரு காட்சி. ஸ்டுட்கார்ட்டில் கோப்பைக் காலிறுதிக்கு வந்த டார்ட்மண்ட் ரசிகர்கள், வெளியூர் டிக்கெட் விலையைக் கண்டித்து முதல் 20 நிமிடம் உள்ளே வரவில்லை. பிறகு வந்து டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதி உள்ள ஜெர்மனியிலேயே இந்த நிலை.

அடுத்த மாதம், 2016 மார்ச் 9 அன்று, பிரீமியர் லீக் கிளப்புகள் வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுண்ட் என்று உச்சவரம்பு வைத்தன. எந்த மைதானம், எந்த எதிரணி என்றாலும் அதற்கு மேல் வாங்கக் கூடாது. மூன்று சீசனுக்கு என்று வந்த விதி பிறகு தொடர்ந்து நீட்டிக்கப்பட்டது, தொகையும் ஏறவில்லை. 1890-இல் கிளப்புகளைக் காத்த குறைந்தபட்ச விலைக்குப் பிறகு, ரசிகரைக் காத்த முதல் அதிகபட்ச விலை இதுவே.

கிளப்புகளுக்கு இதனால் எவ்வளவு நஷ்டம்? காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு சீசனில் 380 ஆட்டம். எல்லாவற்றிலும் 3,000 வெளியூர் ரசிகர் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 11,40,000 டிக்கெட். ஒவ்வொன்றிலும் 20 பவுண்ட் குறைத்தாலும் 22.8 மில்லியன் பவுண்ட். அதே ஆண்டு தொடங்கிய உள்நாட்டு டிவி ஒப்பந்தம் மூன்று சீசனுக்கு 5,136 மில்லியன். ஆண்டுக்கு 1,712 மில்லியன். குறைத்த தொகை அதில் ஒன்றேகால் சதவீதத்தைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவே. எத்தனை ஆண்டுப் போராட்டம், எவ்வளவு சிறிய தொகைக்கு!

பழிக்குப் பழி

ஐரோப்பியப் போட்டிகளில் இந்த 30 பவுண்ட் விதி செல்லாது. 2018-இல் ஸ்பெயினின் செவியா கிளப், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்கு 89 பவுண்ட் விலை வைத்தது. யுனைடெட் என்ன செய்தது தெரியுமா? தன் மைதானத்துக்கு வரும் செவியா ரசிகர்களுக்கும் அதே 89 பவுண்ட் என்று அறிவித்தது. அதில் கூடுதலாக வரும் 35 பவுண்டை எடுத்துத் தன் ரசிகர்களின் வெளியூர் டிக்கெட்டுக்கு மானியமாகக் கொடுத்தது. 2019-இல் பார்சிலோனா 102 பவுண்ட் வைத்தபோதும் இதே கதை.

பேரேட்டில் இது சரியாகவே நேராகும். இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. ஆனால் பணம் எங்கிருந்து எங்கே போயிற்று என்று பாருங்கள். மான்செஸ்டர் ரசிகரின் சுமையைச் செவியா ரசிகர் சுமந்தார். விலையை உயர்த்திய செவியா நிர்வாகத்துக்கு ஒரு காசு நஷ்டமில்லை. இரண்டு ஊர்ச் சாதாரண மக்களும் ஒருவர் மேல் ஒருவர் கோபப்பட்டதுதான் மிச்சம்.

தீர்வு வேறு வழியில் வந்தது. ஐரோப்பியக் கூட்டமைப்பே 2019-இல் சாம்பியன்ஸ் லீக் வெளியூர் டிக்கெட்டுக்கு 70 யூரோ என்று உச்சவரம்பு வைத்தது. பல நாட்டு ரசிகர் அமைப்புகளின் தொடர்ந்த வற்புறுத்தலுக்குப் பின் 2024-25 சீசனில் அது 60 யூரோவாகவும், 2025-26 சீசனில் 50 யூரோவாகவும் குறைந்தது.

இரு தரப்பு வாதம்

30 பவுண்ட் விதி வந்ததும் விவாதம் முடிந்துவிடவில்லை, திசை மாறியது. உள்ளூர் ரசிகர் கேட்கிறார்: "வருஷம் முழுவதும் மழையிலும் பனியிலும் வந்து கிளப்பைத் தூக்கி நிறுத்துகிறவன் நான். எனக்கு 60 பவுண்ட். நடுவில் ஒரு வரிசை பாதுகாவலர் நிற்க, அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைத் திட்டுகிறவருக்கு அதே மாதிரி இருக்கை 30 பவுண்டா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. சமவிலை என்ற பழைய விதி இப்போது தலைகீழாகிவிட்டது.

வெளியூர் ரசிகரின் பதில் இது. நியூகாஸிலிலிருந்து போர்ன்மத் போக ஒரு வழிக்கே சுமார் 550 கிலோமீட்டர். டிவி வசதிக்காக ஆட்டத்தைத் திங்கள் இரவுக்கு மாற்றிவிட்டால் திரும்ப ரயில் கிடையாது. டிக்கெட்டைவிடப் போக்குவரத்துச் செலவு அதிகம். இத்தனைக்கும் மேல், அந்த மூலையில் எழும் பாட்டும் பதில் பாட்டும்தான் டிவிக்காரர்கள் உலகம் முழுவதும் விற்கும் சரக்கின் பாதி. கொரோனா காலத்தில் காலி மைதானத்தில் ஆட்டம் நடந்தபோது, பதிவு செய்த கூச்சலை ஒலிக்கவிட வேண்டி வந்ததே! 2020-21 சீசனில் சொந்த மைதானத்தில் வென்றதைவிட வெளியூரில் வென்ற ஆட்டங்கள் அதிகம். இங்கிலாந்தின் முதல் பிரிவில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. கூட்டத்துக்கு மதிப்பு உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நிர்வாகத்தின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். இருக்கைகள் நிரம்புகின்றன, காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கிறது, பிறகு ஏன் குறைக்க வேண்டும்? மலிவாக விற்றால் கள்ளச் சந்தைக்காரன்தான் லாபம் பார்ப்பான் என்கிறார்கள். தேவை, அளிப்பு என்ற பாடத்தின்படி மறுக்க முடியாத வாதம். ஆனால் அந்தப் பாடத்தில் ஓர் அனுமானம் உண்டு: விலை பிடிக்காத வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போவார். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சிறுவயதில் ஆர்சனல் மைதானத்துக்குப் போன ஒருவர், விலை ஏறியது என்று டாட்டன்ஹாமுக்கு மாறுவாரா? மாறமாட்டார் என்பது கிளப்புக்கு நன்றாகத் தெரியும். விசுவாசத்துக்கு விலை வைப்பது என்பது இதைத்தான். கடை மாற முடியாத வாடிக்கையாளருக்கு இருக்கும் ஒரே வழி, மற்ற வாடிக்கையாளர்களோடு சேர்ந்து குரல் கொடுப்பது.

நான் கண்ட முடிவு ஒன்றுதான். உள்ளூர் ரசிகர், வெளியூர் ரசிகர் என்று இரண்டு வகை மனிதர்கள் இல்லை. இந்த வாரம் சொந்த மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர் அடுத்த வாரம் இன்னொரு ஊரில் அந்த மூலைக்குள் நிற்கிறார். எதிரணி ரசிகருக்கு வைக்கும் விலை, சுற்றி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. 2013-இல் பல நிறச் சட்டைகள் ஒரே தெருவில் நடந்தபோது கிளப்புகள் இறங்கி வந்தன. 'அவர்களுக்கும் அதே விலை' என்று பழி வாங்கியபோது சுமை ஒரு ரசிகரிடமிருந்து இன்னொரு ரசிகருக்கு மாறியது, அவ்வளவே.

இப்போதைய நிலை

வெளியூர் டிக்கெட் 30 பவுண்டில் நிற்க, உள்ளூர் டிக்கெட் ஏறிக்கொண்டே இருக்கிறது. 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட், சீசன் நடுவிலேயே, மீதமுள்ள உறுப்பினர் டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்ட் என்று ஒரே விலை வைத்தது. அதுவரை பெரியவருக்கு 40 பவுண்டிலிருந்தும் சிறுவருக்கு 25 பவுண்டிலிருந்தும் டிக்கெட் கிடைத்துக்கொண்டிருந்தது. குழந்தைக்கும் சலுகை இல்லை, ஓய்வூதியருக்கும் சலுகை இல்லை. டாட்டன்ஹாம், வெஸ்ட் ஹாம் கிளப்புகளிலும் சலுகைக் கட்டணம் பற்றி அதே ஆண்டில் ரசிகர்கள் போராடினார்கள். இதைப் படித்தபோது, மூத்த குடிமகன் என்ற முறையில் எனக்கு அந்தப் பெரியவர்கள் மேல் தனிப் பரிவு வந்தது. ஐம்பது ஆண்டாக ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர், ஓய்வூதியம் போதவில்லை என்று வீட்டில் உட்கார்ந்தால் அந்த நாற்காலி உடனே விற்றுப்போகும். வருமானக் கணக்கில் ஒன்றும் தெரியாது. பேரனைக் கூட்டிக்கொண்டு போகும் தாத்தா இல்லாமல் போனதை எந்த ஐந்தொகையிலும் எழுத மாட்டார்கள்.

2025 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அணி லிவர்பூலுக்கு ஆடப் போனது. இங்கிலாந்தில் இதைவிடக் கசப்பான பகை இரண்டு கிளப்புகளுக்கு இடையே இருக்குமா என்று கேட்பார்கள். அன்று ஆட்டத்துக்கு முன் இரு கிளப்புகளின் ரசிகர் அமைப்புகளும் மைதானத்துக்கு வெளியே விலை உயர்வை எதிர்த்துச் சேர்ந்து நின்றன. உள்ளே போனதும் வழக்கம்போல் ஒருவரையொருவர் கேலி செய்து பாடியிருப்பார்கள். அதில் தவறொன்றும் இல்லை. பகை ஆட்டத்தோடு, பங்கு வாசலோடு.

நம் வீட்டுப் பிள்ளைகள் இந்த கிளப்புகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். எந்த ஆட்டக்காரர் எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்தச் சம்பளத்தின் ஒரு பங்கு யார் பையிலிருந்து வருகிறது, 30 பவுண்ட் என்ற எண் எப்படி வந்தது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். உள்ளூர், வெளியூர் ரசிகருக்கு ஒரே விலை சரியா, தூரத்திலிருந்து வருகிறவருக்குச் சலுகை சரியா என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிப் பாருங்கள். பிள்ளைகள் சொல்லும் பதிலை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்பினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.